மறைந்த அம்மா பார்த்து ரசித்த சினிமாப் படங்களைத் தேடித் தொகுப்பது எப்படி

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில் கருமாதி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன மறுநாள், அவள் அலமாரியின் அடித்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே பதினொரு பாட்டுக் கேசட்டும் நான்கு வீடியோ கேசட்டும் இருந்தன. எதிலும் பெயர் எழுதவில்லை. அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் பேனாவால் சின்னச் சின்னப் படம் வரைந்து அடையாளம் வைத்திருந்தாள். ஒன்றில் பூ, ஒன்றில் விளக்கு, ஒன்றில் மீன்.

அந்தப் பெட்டியிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது. அம்மா பார்த்து ரசித்த படங்களைக் கண்டுபிடித்து, அவளைப் பற்றிய நினைவுகளையும் சேர்த்து, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படி ஒழுங்கு செய்து வைத்தேன். அதைப் பார்த்துவிட்டுத் தெரிந்தவர்கள் சிலர் தங்கள் அம்மாவுக்கும் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தை விட்டுவிட்டு ஆட்களிடம் போங்கள்

எல்லாரும் முதலில் யூடியூபைத் திறந்து சிவாஜி, எம்.ஜி.ஆர். என்று தேட ஆரம்பிப்பார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படங்கள் எங்கும் போய்விடாது. அம்மாவோடு உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் போய்விடுவார்கள். முதல் மாதம் முழுவதும் பெரியம்மா, சின்னம்மா, மாமா, அம்மாவோடு தையல் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள். வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். தூரத்தில் இருப்பவர்களிடம் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்காதீர்கள், பேசி அனுப்பச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் இரண்டு வரி வரும். பேசச் சொன்னால் இருபது நிமிடம் வரும், அந்தக் குரலும் உங்களிடம் தங்கும்.

"அம்மாவுக்கு எந்தப் படம் பிடிக்கும்?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் "சிவாஜி படம் எல்லாமே பிடிக்கும்" என்பார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். யாரோடு போனாள்? எந்தச் சேலை கட்டினாள்? சாப்பிட என்ன கொண்டுபோனீர்கள்? எந்த இடத்தில் அழுதாள்? எந்த வில்லனைத் திட்டினாள்? வீட்டில் யாருக்குத் தெரியாமல் போனாள்? இப்படிக் கேளுங்கள். பெரியம்மாவிடம் சேலையைப் பற்றிக் கேட்டபோதுதான், அக்கா தங்கை இரண்டு பேருக்கும் நல்ல சேலை ஒன்றே ஒன்று இருந்தது, ஒருத்தி மதிய ஆட்டத்துக்குப் போனால் மற்றவள் அடுத்த வாரம்தான் போவாள் என்பது தெரிய வந்தது. சேலைக்குக் காத்திருந்ததால் இரண்டு பேரும் ஒரே படத்தைச் சேர்ந்து பார்த்ததே அபூர்வம். எனக்கு இது ஐம்பது வயதில்தான் தெரிகிறது.

ஒரு பெரிய நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் படத்துக்கு, வலது பக்கம் அம்மாவுக்கு. இடது பக்கத்தில் படத்தின் பெயர், வருடம், நடித்தவர்கள், பாட்டு. வலது பக்கத்தில் அம்மா அந்தப் படத்தைப் பார்க்கும்போது செய்தது, சொன்னது, முணுமுணுத்தது. இடது பக்கத்தை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நிரப்பலாம். வலது பக்கம் நிரம்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பற்றி என் இடது பக்கத்தில் இருப்பது: இயக்கம் ஏ.பி. நாகராஜன், இசை கே.வி. மகாதேவன், சிவாஜியும் பத்மினியும், நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். வலது பக்கத்தில் இருப்பது இதுதான். வீட்டில் அந்தக் கேசட் ஓடும்போது அம்மா முழுதாக உட்கார்ந்து பார்க்கவே மாட்டாள். மடியில் முறம், முறத்தில் பருப்பு, கல் பொறுக்கிக்கொண்டே பார்ப்பாள். 'நலந்தானா' பாட்டு வந்ததும் விரல் நின்றுவிடும். பத்மினி மேடையில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்பாள் அல்லவா, சிவாஜிக்கு முந்தி அம்மா பதில் சொல்வாள்: "நலந்தான்மா, நலந்தான்." சத்தமாகச் சொல்லமாட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டால் சொல்வது போலச் சொல்வாள். அப்புறம் மறுபடியும் பருப்பு.

பெயர் தெரியாத படத்தைக் கண்டுபிடிப்பது

நம் வீடுகளில் மூத்தவர்களுக்குப் படத்தின் பெயர் நினைவிருக்காது, கதை நினைவிருக்கும். "சிவாஜி ஒன்பது வேஷம் போடுவார்" என்றால் 1964-இல் வந்த 'நவராத்திரி'. "எம்.ஜி.ஆர். ரெட்டை, ஒருத்தர் பயந்தாங்கொள்ளி, இன்னொருத்தர் சவுக்கு எடுப்பார்" என்றால் 1965-இன் 'எங்க வீட்டுப் பிள்ளை'. இங்கே ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதே கதை தெலுங்கிலும் இந்தியிலும் வந்தது. டர்பனில் தமிழ்ப் படம் பார்த்தவர்கள் இந்திப் படமும் பார்த்தார்கள், மொழி புரியாவிட்டாலும் பார்த்தார்கள். அதனால் மாமா திலீப் குமார் என்பார், பெரியம்மா எம்.ஜி.ஆர். என்பார், இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அம்மா இரண்டையுமே பார்த்திருக்கலாம்.

பாட்டின் முதல் இரண்டு சொல் தெரிந்தால் தமிழ் எழுத்தில் தட்டித் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள், கிடைப்பது கஷ்டம். தமிழ் தட்டத் தெரியாத பிள்ளைகள் போனில் குரல் தேடலில் தமிழை வைத்துக்கொண்டு பாட்டின் வரியைச் சொல்லலாம். கூகுள் செயலியில் மெட்டை முணுமுணுத்துத் தேடும் வசதியும் இருக்கிறது, சில சமயம் சரியாகப் பிடித்துக் கொடுக்கும்.

அம்மாவின் மீன் கேசட் எனக்கு இரண்டு மாதம் புரியவில்லை. கடல், படகு, மீனவர் கதை என்று எதை எதையோ தேடினேன். கடைசியில் பெரியம்மாதான் சொன்னாள்: "அது சாமி படம்டி. அம்பாள் மீனவப் பெண்ணாப் பொறப்பாளே." 1965-இல் வந்த 'திருவிளையாடல்'. படத்தில் தருமியும் உண்டு, பாணபத்திரரும் உண்டு. அம்மாவுக்கு அது மீன் படம். இந்த மாதிரி விஷயத்தை வலது பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

வருடத்தை நம்பி ஏமாறாதீர்கள்

படம் மெட்ராஸில் வந்த வருடமும் அம்மா பார்த்த வருடமும் ஒன்றாக இருக்காது. 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தையே நிறுத்திவிட்டது. அந்தத் தடை நீங்க 1993 ஆயிற்று. அந்தக் காலத்திலும் படங்கள் எப்படியோ சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தன. வந்த படம் திரும்பத் திரும்ப ஓடியது. ஆகவே வருடத்துக்குப் பதில் குடும்பக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு மூன்று: மேகசின் பேரக்ஸில் இருந்தபோது, சாட்ஸ்வொர்த்துக்கு வந்த பிறகு, டிவி வந்த பிறகு. மேகசின் பேரக்ஸ் என்றால் டர்பன் நகராட்சியில் வேலை செய்த இந்தியர்களின் குடியிருப்பு, பெரும்பாலும் நம் ஆட்கள். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியேற்றிய குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ் அங்கிருந்தவர்களை அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். டிவி இந்த நாட்டுக்கு வந்ததே 1976 ஜனவரியில்தான். அதுவரை படம் என்றால் பயாஸ்கோப், அதாவது தியேட்டர்.

பயாஸ்கோப் என்றால் கிரே ஸ்ட்ரீட் வட்டாரம். ஷாஜகான், ராஜ், நாஸ், அவலான், ஷிராஸ், ஸ்காலா. வெள்ளைக்காரர் தியேட்டருக்குள் நாம் நுழைய முடியாத காலத்தில் நம் ஆட்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட இடங்கள் அவை. அந்தத் தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ தெரு என்று பெயர். முடிந்தால் ஒரு சனிக்கிழமை காலையில் மூத்தவர் ஒருவரை அங்கே கூட்டிப்போங்கள். படம் ஓடாது, ஆனால் கட்டடத்துக்கு முன்னால் நின்றதும் அவர்களுக்கு வாய் திறந்துகொள்ளும். பெரியம்மா நடைபாதையில் நின்று, டிக்கெட் வரிசை எங்கிருந்து எங்கே வளைந்து போகும் என்று கையால் காட்டினாள். வீட்டில் மூன்று முறை கேட்டும் வராத விஷயம் அது. கைத்தடியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், கார் நிறுத்தும் இடத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஆழமாகத் தேட விரும்பினால் இரண்டு இடங்கள் சொல்கிறேன். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம். டர்பன் டர்பி ஸ்ட்ரீட்டில் உள்ள 1860 பாரம்பரிய மையம். இரண்டும் இங்குள்ள இந்தியர்களின் வாழ்க்கையைச் சேர்த்து வைத்திருப்பவை. போகுமுன் போன் செய்து, என்ன தேடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கேசட்டைத் தொடும்முன்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்றது எல்லாம் தவறினால் திருத்திக்கொள்ளலாம், இது தவறினால் போனது போனதுதான்.

டர்பன் காற்றில் ஈரம் அதிகம். அலமாரியில் பல வருடம் கிடந்த நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும். வீடியோ கேசட்டின் சிறு கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளியோ மாவு போன்ற படலமோ தெரிந்தால் அதை எந்தக் கருவியிலும் போடாதீர்கள். நாடா அறுந்துபோகலாம், பூஞ்சை கருவிக்குள் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியே ஓர் உறையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்து, இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நன்றாக இருக்கும் கேசட்டில் முதல் வேலை, முதுகுப் பக்கத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்ப்பாளை உடைத்துவிடுவது. அது இல்லாவிட்டால் தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் பதிவு அழியாது. பாட்டுக் கேசட்டில் மேல் விளிம்பில் இரண்டு இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. அடுத்து, ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை முன்னோக்கிச் சுற்றி, மறுபடி பின்னோக்கிச் சுற்றுங்கள். பல வருடம் அசையாமல் ஒட்டிக் கிடந்த நாடா தளர்ந்து கொடுக்கும்.

வீட்டிலேயே கணினிக்கு மாற்றலாம், கஷ்டமில்லை. ஓடுகிற நிலையில் ஒரு வீடியோ பிளேயர் வேண்டும். நம் நாட்டில் பதிவானது 'பால்' (PAL) என்ற வீடியோ முறை, ஆகவே பிளேயரும் 'பால்' முறையாக இருக்கட்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவியில் செருகி, அதைக் கணினியில் செருக வேண்டும். பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசம். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. பாட்டுக் கேசட்டுக்கு டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி போதும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்து, முதலில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 வேண்டுமானால் அதிலிருந்து பிறகு எடுக்கலாம். ஒலி அளவு சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஆரம்பத்தில் இதெல்லாம் தெரியாமல் பாட்டுக் கேசட்டுகளை ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் குறுந்தட்டில் பதிந்து கொடுத்தார்கள். பாட்டு ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. "பின்னாடி நிறைய இரைச்சல் இருந்தது, எல்லாத்தையும் எடுத்துட்டோம்" என்றார் கடைக்காரர். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூலக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள், அது நம் அதிர்ஷ்டம். சில மாதம் கழித்து, வேலை கற்றுக்கொண்டபின், பழகிப் பார்ப்பதற்காகப் பூப்போட்ட கேசட்டைப் போட்டு ஓட்டினேன். பி. சுசீலா பாடிக்கொண்டிருக்கிறார். நடுவில் கதவு சத்தம். அதன் மேல் என் அம்மாவின் குரல்: "கதவைச் சாத்துடி, பாட்டு ஏறுது!" பிறகு ஒரு சின்னப் பெண் சிரிக்கிறாள். அந்தச் சின்னப் பெண் நான்.

அம்மா டிவிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, வீடியோவில் ஓடும் பாட்டைப் பதிந்திருக்கிறாள். கடைக்காரர் எடுத்துப்போட்ட இரைச்சல் எங்கள் வீடு. குக்கர் விசில், அப்பாவின் இருமல், தெருவில் போகும் பழ வண்டி, பாட்டு முடிந்ததும் "ம்" என்று அம்மா விடும் ஒரு பெருமூச்சு. பதினொரு கேசட்டிலும் சேர்த்து அம்மா குரல் நாற்பத்து மூன்று இடத்தில் வருகிறது. ஒவ்வொன்றும் எந்த நிமிடத்தில் வருகிறது என்று நோட்டின் வலது பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆகவே கடையில் கொடுப்பதானால் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: எதையும் வெட்ட வேண்டாம், எதையும் சுத்தம் செய்ய வேண்டாம், பாட்டுக்கு இடையில் இருப்பதும் வேண்டும், மூலக் கேசட் திரும்ப வேண்டும். வீட்டில் செய்தாலும் இரைச்சல் நீக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். மாற்றியபின் மூன்று பிரதி வையுங்கள். அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எங்களுடையது ஜோஹன்னஸ்பர்க்கில் தம்பி வீட்டில் இருக்கிறது. கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள், நிமிர்த்தி வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

படத்தின் நல்ல பிரதி

கேசட்டில் உள்ள படம் மங்கலாக இருக்கும். அது நினைவுக்கு. குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு வேறு நல்ல பிரதி வேண்டும். பழைய தமிழ்ப் படங்கள் பல, உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களாலேயே யூடியூபில் முழுதாக ஏற்றப்பட்டிருக்கின்றன. 'கர்ணன்' 2012-இலும், எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-இலும் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரையரங்கில் மறுபடி வந்தன. அந்த மாதிரிப் படங்களில் புதுப்பித்த பிரதியைத் தேடுங்கள், நிறத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இந்தியாவிலிருந்து டிவிடி வரவழைத்தால் உறையில் மண்டல எண் பாருங்கள். தென்னாப்பிரிக்கா 2, இந்தியா 5. எல்லா மண்டலத்துக்கும் என்று போட்டிருந்தால் இங்கே ஓடும். வீட்டுக்குள் குடும்பமாகப் பார்ப்பது சரி. மண்டபம் பிடித்துப் பத்துப் பேரிடம் டிக்கெட் வாங்கினால் அது வேறு கதை, உரிமை வாங்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும்

என் பிள்ளைகளுக்குத் தமிழ் கொஞ்சம் காதில் ஏறும், வாயில் வராது. இங்கே பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலை. மூன்று மணி நேரப் படத்தை அவர்கள் முன் வைத்தால் அரை மணியில் போனை எடுத்துவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. முழுப் படத்துக்கும் ஆங்கில வசனம் போட உட்காராதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். வலது பக்கத்தில் அம்மா இருக்கும் காட்சிகள் எவை என்று பார்த்து, அவற்றில் ஐந்தை மட்டும் எடுங்கள். ஐந்து காட்சிக்கு ஒரு வார இறுதி போதும். சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருள் இலவசம். கேட்பதை மொழிபெயர்த்து, நேரத்தைக் குறித்தால் தனிக் கோப்பாக வந்துவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம். மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இது என்ன சொல்றான்?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதுங்கள்.

நான் இன்னொன்றும் செய்தேன். 'நலந்தானா' வரும் இடத்தில், பத்மினியின் வரிக்குக் கீழே அடைப்புக்குள் அம்மாவின் பதிலையும் போட்டேன்.

நினைவு நாளில்

திதி அன்று முதலில் படையல். விளக்கேற்றி, அம்மா படத்துக்கு மாலை போட்டு, அவளுக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிட்டு, சாப்பிட்டபின் படம். புரட்டாசியில் வந்தால் சைவமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் பயாஸ்கோப்புக்கு அம்மா என்ன கட்டிக்கொண்டு போனாளோ அதையே மதியத்துக்குச் செய்யலாம். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி. பெரியம்மா ஒரு திருத்தம் சொன்னாள், ரொட்டியைப் பழைய செய்தித்தாளில்தான் சுற்றுவார்களாம். நாங்கள் உள்ளே வெள்ளைக் காகிதம் வைத்து வெளியே செய்தித்தாள் சுற்றினோம்.

பிள்ளைகளோடு ஐந்து காட்சிகள் முதலில். அதற்குப் பிறகு போகிறவர்கள் போகட்டும், மூத்தவர்களுக்கு முழுப் படம் போடுங்கள். படம் ஓடும்போது பேசக் கூடாது என்று யாரையும் அடக்காதீர்கள். யாராவது "இந்த இடத்திலதான் அவ..." என்று ஆரம்பித்தால் படத்தை நிறுத்துங்கள். ஒரு பாட்டுக்கு அரை மணி ஆனாலும் ஆகட்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள். கணினியில் முழுச் சார்ஜ், காட்சிகள் இணையத்தை நம்பாமல் அதிலேயே இருக்கட்டும்.

அழுகை வரும். முதல் வருடம் தம்பி பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான், காருக்குள் உட்கார்ந்திருந்தான். யாரும் போய்க் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் அவனே படம் தேர்ந்தெடுத்தான். முதல் வருடம் முடியாதவர்கள் பாட்டு மட்டும் கேளுங்கள், போதும்.

அப்புறம், எல்லாரிடமும் சொல்லிவிட்டு ஒரு போனை மேஜைமேல் வைத்து அந்த மதியம் முழுவதையும் பதியுங்கள். அதையும் வெட்டாமல் சேமியுங்கள். போன வருடப் பதிவில் பெரியம்மா சமையலறையில் இருக்கிறாள். 'நலந்தானா' கேட்கிறது. பாத்திரம் கழுவும் தண்ணீர் நிற்கிறது. அங்கிருந்தே பெரியம்மா அம்மாவின் குரலில், அதே மெதுவான இழுப்பில், பதில் சொல்கிறாள். நாங்கள் யாரும் அவளிடம் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் அந்தப் படத்தைச் சேர்ந்து பார்த்ததும் இல்லை. அந்தப் பதிவைத் தட்டில் ஏற்றி, மேலே தேதியும் வந்தவர்கள் பெயரும் எழுதினேன். பெயர்களுக்குப் பக்கத்தில் என் மகள் ஒரு நாதஸ்வரம் வரைந்தாள். இப்போது அது அம்மாவின் அட்டைப்பெட்டியில், மீன் கேசட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.